பௌதிலியோவின் முகமும் ஒரு பன்றிக்குட்டியும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரிசாகக் கொடுத்த பன்றிக்குட்டி சரியாக வேகவில்லை. ஒரு பக்கம் பரவாயில்லை. மறுபக்கம், தொடையருகில், இன்னும் கொஞ்ச நேரம் நெருப்பு தேவைப்பட்டது. குறையாகச் சொல்லவில்லை. கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்படி கமிட்டி கேட்டிருந்தது. கொண்டுவந்திருக்கிறேன், அதோ மேசைமேல் இருக்கிறது, துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். பன்றிக்குட்டியையும் கேட்டால் அது முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

என் பெயர் எவரிஸ்தோ தபோர்தா. ரொட்டி வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன். இந்த அறையில் இருக்கிற அத்தனை பேர் வீட்டு நாயும் என்னைப் பார்த்துக் குரைத்திருக்கிறது. ஆகவே அறிமுகம் தேவையில்லை. செயலாளர் அம்மா பதிவு செய்கிறார் என்பதால் சொல்கிறேன்.

புகார் ஷ்மித் சகோதரர்களுடையது. வட்டாரத் த்ரூக்கோ சீட்டாட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் என் கூட்டாளி பௌதிலியோ ரெத்தாமார் தலைக்குள் பொருத்திய மின்கருவியைப் பயன்படுத்தி ஆடினான் என்கிறார்கள். மேசையில் கைப்பேசியோ வேறு மின்கருவியோ கூடாது என்பது விதி. நியாயமான விதி. ஆனால் புகார் தலைகீழாக இருக்கிறது, தலைவரே. அன்று அந்த மேசையில் பௌதிலியோவின் தலைக்குள் ஒரு சொட்டு மின்சாரம்கூட ஓடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை நிறுத்தியவன் நான்.

இதை நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். அவசரமாகச் சொன்னால் கெட்ட காரியம்போலக் கேட்கும்.

செயலாளர் அம்மா சீட்டைத் தொடாதவர், தேவாலயத்துக்குப் போகிறவர். அவருக்காகச் சொல்கிறேன். த்ரூக்கோ பொய் சொல்கிற விளையாட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு, அதை ஒரு கை என்போம், இரண்டிரண்டு பேராகக் கூட்டு. கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்ற வேண்டும். எல்லாம் இருப்பவன் வயிற்றுவலிக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் புள்ளி நமக்கு. கூட்டாளிக்கு முகத்தால் குறி காட்டலாம், அது விதியிலேயே உண்டு. புருவத்தைத் தூக்கினால் வாள் ஆஸ், அதுதான் சீட்டுகளிலேயே பெரியது. கீழுதட்டைக் கடித்தால் மூன்று. எதிராளி பார்ப்பதற்குள் காட்டிவிட வேண்டும். முகம்தான் இங்கே முதலீடு.

பௌதிலியோவை உங்களுக்குத் தெரியும். ஊரில் பாதிப்பேருக்கு அவன்தான் சவரம் செய்தான். நல்ல நாவிதன், நல்ல மனுஷன், கேவலமான த்ரூக்கோ ஆட்டக்காரன். அவன் முகம் கடையின் கண்ணாடி ஜன்னல் மாதிரி. உள்ளே என்ன சரக்கு இருக்கிறதென்று தெருவில் போகிறவனுக்கும் தெரியும். நல்ல சீட்டு வந்தால் காது சிவக்கும். மோசமான சீட்டு வந்தால் அம்மா செத்த பிள்ளைபோல ஆகிவிடுவான். இளமை முழுக்க நாங்கள் தோற்றோம். ஊமைகள் பள்ளியிலிருந்து வந்த அணியிடம் தோற்றோம். ஒருமுறை, வராத அணியிடமே தோற்கப் பார்த்தோம்.

பிறகு நோய் வந்தது. முதலில் கை நடுங்கியது. தலைவரே, உங்கள் காதோரம் இருக்கிறதே ஒரு தழும்பு, அது ஆரம்ப அறிகுறி. கடையை மூடினான். நடை சுருங்கியது, குரல் சுருங்கியது. கடைசியில் முகம் போயிற்று. நோய் முற்றினால் முகத்தின் தசை அசையாது, முகமூடிபோல இறுகிவிடும் என்றார் வைத்தியர். உள்ளே சிரிப்பான், வெளியே சுவர். உள்ளே அழுவான், வெளியே அதே சுவர்.

நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம்.

நான் நன்றிகெட்டவன் இல்லை. அவனை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்தான் கூட்டிப்போனேன். சட்டைப் பொத்தானைப் போட்டேன், இறைச்சியை வெட்டிக் கொடுத்தேன். அவன் ஷூ நாடாவை நான் கட்டாத நாள் இல்லை. ஊரில் அவனுக்குச் "சிலை" என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் நான்தான், ஆனால் அன்பாகத்தான் வைத்தேன்.

புருவம் தூக்க முடியாதவன் எப்படிக் குறி காட்டுவான் என்று கேட்பீர்கள். அதையும் மறைக்கவில்லை. அவன் இடது கை சும்மா இருந்தால் நடுங்கும். எதையாவது பிடித்தால் நின்றுவிடும். அந்த நோயின் சுபாவம் அப்படி. வாள் ஆஸ் வந்தால் கிளாஸைப் பிடிப்பான். அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. நோயாளியின் கையை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எதிராளிகள் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். நல்லவர்கள்.

அப்படியிருக்கையில் ரொசாரியோவில் அந்தச் சிகிச்சை வந்தது. பஸ்ஸில் அவனை அழைத்துப்போனது நான். தலைக்குள் இரண்டு மெல்லிய கம்பி. கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், ஒரு சின்னப் பெட்டி. கம்பிகள் மூளை சொல்ல வருவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது திக்கும் இடத்தில் துளி மின்சாரம் கொடுத்து எடுத்துக்கொடுக்கும், நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர்போல. டாக்டர் பெண் இதைச் சொல்லிக்கொண்டே பொத்தானைத் தட்டினாள். பௌதிலியோவின் முகத்தில் விளக்கு எரிந்தது. நான் அழுதேன். ஒப்புக்கொள்கிறேன்.

"டேய் எவரிஸ்தோ, உன் மூக்கு ஏண்டா இவ்வளவு பெருசா இருக்கு?" என்றான். வருஷக்கணக்கில் கேட்காத குரல்.

"உன் சவரக்கத்திக்குத் தப்பினது அது ஒண்ணுதான்டா" என்றேன்.

சிரித்தான். அவன் பற்களை நான் மறந்தே போயிருந்தேன்.

டாக்டர், கருவியைக் கட்டுப்படுத்தும் கைப்பெட்டியை என்னிடம் கொடுத்தாள். அவன் மகள் வெளியூரில் இருக்கிறாள். அவன் விரலுக்கு அந்தச் சின்னப் பொத்தான்கள் சரிப்படாது. "நீங்கதான் இவருக்குப் பொறுப்பு, தோன் எவரிஸ்தோ" என்றாள், தோன் போட்டு மரியாதையாக. கூட்டலாம், குறைக்கலாம். தலையைப் படம் எடுக்கும்போது மொத்தமாக நிறுத்திவைக்க ஒரு வழி உண்டு. மறுபடி போட மறந்துவிடாதீர்கள் என்றாள். நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

ஊர் திரும்பினோம். கிளப்பே எழுந்து நின்று கைதட்டியது. எதெல்வினாவை உங்களுக்குத் தெரியும், நம் கிளப் உணவகத்தை நடத்தியவர், விதவை, அவர் சுடும் எம்பனாடா அப்பத்தில் ஆலிவ் குறைவாக இருக்காது. அவர் தட்டோடு வந்தார். பௌதிலியோ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். எதெல்வினா தட்டை வேறு மேசையில் வைத்துவிட்டார்.

"பௌதிலியோ, உங்களுக்கு என் கைச்சமையல் பிடிக்கலைன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்? கல்லு மாதிரி உக்காந்திருப்பீங்களே."

"இத்தனை வருஷமும் சிரிச்சிட்டுதாங்க இருந்தேன்" என்றான் பௌதிலியோ. "வெளிய வரல."

அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். அன்றைய வழக்கமான கிளப் ஆட்டம் தொடங்கும்வரை சந்தோஷப்பட்டேன்.

முதல் கையிலேயே அவனுக்கு வாள் ஆஸ் வந்தது. பிரசவ வார்டு வாசலில் நிற்கிற தகப்பன்போல அவன் முகம் மலர்ந்தது. பெரிய ஷ்மித் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, "வாழ்த்துக்கள் பௌதிலியோ, என்ன குழந்தை?" என்றார். அடுத்த கையில் அவனுக்கு வெறும் நான்குகள், இருப்பதிலேயே சின்ன சீட்டு. அறையே இரங்கல் தெரிவித்தது. மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் விதியே தெரியாமல் ஆடி எங்களை ஜெயித்தார்கள். அந்த அம்மாள் நடுவில் கம்பளி வேறு பின்னிக்கொண்டிருந்தார்.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். ஒரு மனுஷனுக்கு ஆரோக்கியம் தேவைதான், ஆனால் வாரம் முழுக்கத் தேவையா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் என்ன செய்கிறான்? உட்கார்ந்திருக்கிறான். உட்கார எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

முதல் தடவை துளிதான் குறைத்தேன். குழந்தை தூங்கும்போது ரேடியோவைச் சின்னதாக வைப்போமே, அப்படி. கருவி நல்ல வேலைக்காரன். குறைத்ததும் அதுவாகவே கூட்டப் பார்த்தது. தானாகச் சரிசெய்துகொள்வதை முதலில் நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு முகம் மெல்ல மெல்ல இறுகியது. கோப்பையின் காலிறுதியில் ஜெயித்தோம்.

"இன்னைக்கு உடம்பு என்னவோ கனமா இருக்குடா" என்றான் வண்டியில்.

"மழை வரும்போல" என்றேன்.

அது வறட்சி வருஷம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அவன் என்னை நம்பினான். வெள்ளிக்கிழமைதோறும் உடம்பு கனத்தது, வெள்ளிக்கிழமைதோறும் மழை வரும் என்றேன். அதை அவன் ஊரெல்லாம் சொன்னான். தலைக்குள் கம்பி வைத்தவனுக்கு வானிலை தெரியும் என்று ஜனங்களும் நம்பினார்கள். சின்ன ஷ்மித் அதை நம்பி ஆற்றோர நிலத்தில் விதைத்தார். இந்தப் புகாரின் வேர் எங்கே இருக்கிறது என்று கமிட்டி யோசித்துப் பார்க்க வேண்டும். மேசையில் இல்லை. அந்த நிலத்தில்தான், முளைக்காமல், இருக்கிறது.

இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. வண்டியில் வரும்போது பௌதிலியோ கழுத்துப்பட்டை கட்டியிருந்தான், தானே கட்டியது. கொஞ்சம் கோணல், ஆனால் தானே கட்டியது.

"என்னடா, கல்யாணத்துக்கா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாதடா. எதெல்வினாவை அவங்க பையன் கொமதோரோவுக்குக் கூப்பிட்டிருக்கான். அங்கயே வந்து இருந்துடுன்னு. இன்னைக்கு ஏழு மணி பஸ்ஸு."

"அப்ப எம்பனாடா?"

"எம்பனாடாவை விடுடா. நான் அவங்ககிட்டக் கேக்கப்போறேன். போகாதீங்க, என்னோட இருங்கன்னு. இடைவேளையில வெர்முத் கொண்டு வருவாங்கல்ல, அப்பக் கேக்கப்போறேன். எப்படிடா ஆரம்பிக்கிறது?"

"ஆட்டம் முடிஞ்சு கேளேன்."

"பஸ்ஸு ஏழு மணிக்குடா, கழுதை."

அவன் முகத்தைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. கண், புருவம், கன்னம், எல்லாம் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தன. அந்த முகத்தை ஷ்மித் சகோதரர்கள் எதிரில் கொண்டுபோய் வைப்பதைவிட எங்கள் சீட்டைச் சுவரில் ஒட்டிவிடலாம். நீங்களே என் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு பக்கம் கோப்பை. இன்னொரு பக்கம் ஒரு கேள்வி. கோப்பை வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. கேள்வியைத் தொலைபேசியில்கூடக் கேட்கலாம்.

கிளப் வாசலில் கோட்டைக் கழற்ற அவனுக்கு உதவினேன். கைப்பெட்டி என் பையில் இருந்தது. குறைத்துப் பயனில்லை என்று தெரிந்தது, காதலில் இருப்பவனுக்குத் துளி மின்சாரமே போதும். தலையைப் படம் எடுக்கும்போது செய்யச் சொன்னாளே, அதைச் செய்தேன். மொத்தமாக நிறுத்தினேன்.

நிற்கும்போதே அவனுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். உதடு வரைக்கும்தான் வந்தது.

"மழைடா" என்றேன்.

உட்காரவைத்தேன். ஆட்டம் அற்புதமாக இருந்தது. அவன் முகம் பழைய சுவர். வெள்ளையடித்த, ஆணியடிக்காத சுவர். ஷ்மித் சகோதரர்கள் அதை வெறித்து வெறித்துக் களைத்தார்கள். இருந்தும் இடைவேளையில் நாங்கள் கொஞ்சம் பின்தங்கியிருந்தோம். சீட்டு அப்படி வந்தது.

எதெல்வினா வெர்முத் கொண்டுவந்தார். ஏப்ரன் இல்லை, பயணத்துக்கான கோட்டு. கிளாஸை அவன் முன்னால் வைத்தார். உட்காரவில்லை.

"பௌதிலியோ, ஏழு மணிக்குப் பஸ்ஸு" என்றார். "பெட்டியெல்லாம் கட்டியாச்சு. கட்டினதைப் பிரிக்கவும் எனக்குத் தெரியும். நான் போகட்டுமா, இருக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

பௌதிலியோ பார்த்தான். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. இடது கை மேசைமேல் நடுங்கி நடுங்கி ஊர்ந்துபோய் அவர் வைத்த கிளாஸைப் பிடித்தது. நடுக்கம் நின்றது.

எதெல்வினா அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்ப்பது முகத்தைத்தானே.

"சரி. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்போல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவருக்குச் சளி பிடிக்காமப் பாத்துக்குங்க, தோன் எவரிஸ்தோ" என்றார். போய்விட்டார்.

கிளாஸ் குறியை நான் பார்த்தேன். வாள் ஆஸ், தன்னிடம் பெரிய சீட்டு இருக்கிறது என்கிறான் என்று அர்த்தம். ஆனால் இடைவேளையில் சீட்டே பங்கிடவில்லை. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. பௌதிலியோ கிளாஸை விடவில்லை. சீட்டை வலது கையால் மட்டுமே எடுத்தான், மெதுவாக, ஒவ்வொன்றாக. நான் நினைத்தேன், ஆகா, இவனுக்கு ஆஸ் வந்துவிட்டது. பயமில்லாமல் ஏற்றினேன். ஷ்மித்துகள் கவிழ்த்தார்கள். அடுத்த கை, இன்னும் கிளாஸ் அவன் கையில். மறுபடி ஆஸா? சரி, அதிர்ஷ்டம். ஏற்றினேன். கவிழ்த்தார்கள். தலைவரே, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாகப் பொய் சொன்னதில்லை. எனக்கே பொய் என்று தெரியாததால் என் முகத்தில் ஒரு குறையும் இல்லை. பெரிய ஷ்மித்துக்கு வியர்த்தது.

கடைசிக்கு முந்தின கையில் என் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். வாள் ஆஸ் என் கையில் இருந்தது.

பௌதிலியோவைப் பார்த்தேன். கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெர்முத் குடிக்கப்படவில்லை, பனிக்கட்டி கரைந்து விளிம்புவரை வந்திருந்தது. சுவரில் கடிகாரம் ஏழடிக்க இன்னும் நேரம் இருந்தது. பஸ் நிலையம் நம் கிளப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும், ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் கேட்கும். கைப்பெட்டி என் பையில் இருந்தது.

அந்த இடத்தில் நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அப்போது எங்களுக்கு இன்னும் நான்கு புள்ளி தேவைப்பட்டது.

பந்தயத்தை ஏற்றினேன். இந்த முறை ஷ்மித்துகள் துணிந்து ஏற்றுக்கொண்டார்கள். நான் ஆஸை இறக்கினேன். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், கைதட்டினீர்கள். பஸ் ஹாரன் அடித்ததுகூட அந்தக் கைதட்டலுக்குள்தான் கேட்டது.

பரிசளிப்பு முடிந்ததும், சொன்ன சொல் தவறாமல், கருவியைப் போட்டேன். நான் மறக்கிறவன் இல்லை என்றேனே. இரண்டு பேரும் பன்றிக்குட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவன் முகம் திரும்பி வந்தது. முதலில் கண், பிறகு வாய். குரலும் வந்திருக்கும். அவன் என்னைப் பார்த்தான். தலைவரே, நான் ரொட்டி வண்டி ஓட்டியவன், விடிவதற்கு முன்னால் வீட்டு வாசல்களில் பல முகங்களைப் பார்த்தவன். அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒருவனால் சாப்பிட முடியாது. என் நண்பன் அப்படி வேதனைப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு இளகின மனசு.

ஆகவே மறுபடி நிறுத்தினேன். இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு போடவில்லை. அடுத்த மாதம் பரானாவில் மாகாணக் கோப்பை இருக்கிறது. நடுவில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, அவனை அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான். டாக்டர் கூப்பிட்டால் நன்றாக இருக்கிறான் என்கிறேன். எதெல்வினாவும் ஒருமுறை கொமதோரோவிலிருந்து கூப்பிட்டார். அவன் எதுவும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான்.

ஆக, கமிட்டியின் கேள்விக்கு என் பதில் இது: ஆம், அந்தக் கருவியில் கைவைத்தவன் நான்தான், தெரிந்தேதான் வைத்தேன். ஆனால் மின்கருவி பயன்படுத்தவில்லை. எங்கள் மேசையைவிட மின்சாரம் குறைவான மேசை அன்று அந்தக் கூடத்திலேயே இல்லை. விதிப்படி கோப்பை எங்களுடையது.

சாட்சி வேண்டுமென்றால் பௌதிலியோ வெளியே வராந்தாவில்தான் இருக்கிறான். நான்தான் கூட்டிவந்து உட்காரவைத்தேன், கழுத்துப்பட்டையும் கட்டிவிட்டேன், இந்த முறை நேராக. கையில் அந்தக் கிளாஸ் இருக்கும், பிடுங்கப் பார்க்காதீர்கள், விடமாட்டான். அவனுக்கு என்மேல் வருத்தம் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நான் தினமும் அவன் முகத்தைப் பார்க்கிறேன், தலைவரே. ஒரு சின்னக் குறைகூட அதில் தெரியவில்லை.